வளைவில் சுமையைப் பங்கிடும் கம்பி

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு திருப்பத்திலும் கார் வெளிப்பக்கமாகச் சாய்கிறது, உள்ளே இருப்பவர்கள் கைப்பிடியைத் தேடுகிறார்கள். அந்தச் சாய்வைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், இன்ஜினுக்குக் கீழே, கட்டைவிரல் தடிமனில் ஒரு எஃகுக் கம்பி குறுக்காக ஓடுகிறது. பட்டறைகளில் இதை ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். கார் இதழ்கள் ஆன்ட்டி ரோல் பார் என்று எழுதும், அமெரிக்கர்கள் ஸ்வே பார் என்பார்கள்.

தடித்த கம்பி போட்டால் வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், கவிழவே கவிழாது என்று கார் ஆர்வலர்களில் பலர் நம்புகிறார்கள். சிலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாற்றியும் விடுகிறார்கள். இந்தக் கம்பி உண்மையில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று தெரிந்துகொண்டால் அந்தச் செலவு தேவையா என்பது விளங்கும். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வரும்போது எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

கம்பியின் அமைப்பு மிக எளிது. நடுப்பகுதி காரின் அகலத்துக்குக் குறுக்கே நீள்கிறது. இரு முனைகளும் வளைந்து, ப வடிவில், முன்னோ பின்னோ நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும். அந்தப் புஷ்ஷின் வெட்டுமுகம் ஆங்கில டி எழுத்தைப் போல் இருப்பதால் மெக்கானிக்குகளுக்கு அது டி புஷ். முனைகள் இரண்டும் லிங்க் ராடு என்னும் சிறு தண்டுகள் வழியாக, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டிலோ, சக்கரத்தை அடியிலிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மிலோ மாட்டப்பட்டிருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எதையும் தடுக்காது. ஒரு சக்கரம் மட்டும் மேலே போய் மற்றொன்று கீழே நின்றால்தான் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய எஃகு நிமிரப் பார்க்கிறது. மேலே போன சக்கரத்தைக் கீழே தள்ளி, கீழே நின்றதை மேலே இழுக்கிறது. வளைவில் வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கி உள்பக்க ஸ்பிரிங் நீள்வதும் இதே நிலைதான். அதனால் சாய்வு குறைகிறது. கனடாவின் ஃபிரெடரிக்டனைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறாண்டு கடந்தும் அடிப்படை வடிவம் மாறவில்லை.

கம்பி சாய்வைக் குறைக்கிறது, ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் சுமையைக் குறைப்பதில்லை. 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 140 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அந்தக் கார் தன் எடையில் பாதி அளவு பக்கவாட்டு விசையோடு ஒரு வளைவை எடுக்கும்போது, உள்பக்கச் சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 196 கிலோ வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். நேர்ச்சாலையில் பக்கத்துக்கு 500 கிலோவாக இருந்தது வளைவில் 300-ம் 700-ம் ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கில் உயரம், அகலம், எடை, வேகம், வளைவின் ஆரம் மட்டுமே வருகின்றன, கம்பியின் தடிமன் வருவதே இல்லை. உடல் சாயும்போது ஈர்ப்பு மையமும் சற்று வெளியே நகர்வதால் மிகச் சிறிய வேறுபாடு உண்டு, அவ்வளவுதான். உயரமான வண்டியின் மேற்கூரையில் மூட்டை ஏற்றிவிட்டு, ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று மலைப்பாதையில் விரட்டுவது உயிரோடு விளையாடுவது. கவிழும் எல்லையைத் தீர்மானிப்பது உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்தான்.

கம்பி செய்யும் பெரிய வேலை, அந்த 196 கிலோவை முன் அச்சும் பின் அச்சும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று தீர்மானிப்பது. எந்த அச்சு சாய்வை அதிகம் எதிர்க்கிறதோ அந்த அச்சின் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சுமையில் பெரும்பங்கு போகும். இங்கே டயரின் குணம் ஒன்று குறுக்கே வருகிறது. சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும். அதனால் சமமான சுமை தாங்கும் இரண்டு டயர்களைவிட, ஒன்றில் மிகுதியும் மற்றொன்றில் குறைவுமாகச் சுமை தாங்கும் இரண்டு டயர்கள் சேர்ந்து தரும் பிடிப்பு குறைவு. முன் கம்பியைத் தடித்ததாக்கினால் முன் டயர்கள் முதலில் பிடியை இழக்கும். கார் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வளைவுக்கு வெளியே ஒதுங்கப் பார்க்கும். பின் கம்பியைத் தடித்ததாக்கினால் வால் பகுதி முதலில் வழுக்கி, கார் சுழலப் பார்க்கும்.

சாதாரண ஓட்டுநருக்கு முதல் வகைதான் ஆபத்து குறைந்தது. கார் வெளியே ஒதுங்கினால் யாருக்கும் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தானாகவே எடுபடும், ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிக்கத் தோன்றும். வேகம் குறைந்ததும் கார் வழிக்கு வந்துவிடும். வால் வழுக்கும்போது அதே உள்ளுணர்வு நிலைமையை மோசமாக்கும். கார் நிறுவனங்கள் பெரும்பாலும் முன்பக்கத்தில் ஒரு கம்பியைப் போட்டு, பின்பக்கத்தில் மெல்லியதாக ஒன்றைப் போடுவதோ போடாமலேயே விடுவதோ இதனால்தான்.

இந்தக் கணக்கில் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் செவ்ரலே கோர்வேரைவிடப் பாடமான கார் இல்லை. 1960 மாடலாக வந்த இதற்கு இன்ஜின் பின்னால். எடையின் பெரும்பங்கும் பின் அச்சில். பின் சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்சில் வகை. சக்கரமும் அச்சுத்தண்டும் ஒன்றாக, நடுவிலுள்ள மூட்டைச் சுற்றி மேலும் கீழும் ஆடும். வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பகுதி எழும்பினால் வெளிச்சக்கரம் உடலுக்கு அடியில் மடங்கத் தொடங்கும், டயரின் பிடிப்பு சட்டென்று போய்விடும். முன்பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர் இருந்திருந்தால் சுமை மாற்றத்தில் நல்லதொரு பங்கை முன் அச்சு எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தின் வேலையை எளிதாக்கியிருக்கும். தொடக்க மாடல்களில் அது பொருத்தப்படவில்லை. பதிலாக டயர்க் காற்றை நம்பினார்கள். முன்னால் 15, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று விதித்தார்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு காற்றடித்துப் பழகிய உலகில் இப்படியொரு வேறுபாட்டின்மீது பாதுகாப்பை நிறுத்துவது பொறுப்பற்ற செயல் என்பதே என் எண்ணம்.

1964 மாடலில் முன் கம்பி எல்லாக் கோர்வேர்களிலும் வந்தது, பின்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங்கும் சேர்ந்தது. 1965 மாடலுக்குப் பின் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டார்கள். 1965-இன் இறுதியில் அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூல் வெளிவந்தது. முதல் அத்தியாயமே கோர்வேரைப் பற்றியது. செலவை மிச்சப்படுத்தவே அந்தக் கம்பியைக் கைவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு பின்னர் 1963 மாடலைச் சமகாலத்துக் கார்கள் சிலவற்றோடு சேர்த்துச் சோதித்து, மற்றவற்றைவிட இது மோசமில்லை என்று 1972-இல் அறிக்கை தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அறிக்கை எப்படியிருந்தாலும், எளிமையான ஒரு கம்பி இருப்பதும் இல்லாததும் ஒரு காரின் குணத்தையே மாற்றும் என்பதற்கு, நிறுவனமே 1964-இல் செய்த திருத்தம் போதிய சான்று.

இனி தடிமன். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 22 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 24 மில்லிமீட்டர் போட்டால் பார்வைக்கு வேறுபாடே தெரியாது, ஆனால் விறைப்பு 40 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். 26 மில்லிமீட்டர் போட்டால் ஏறத்தாழ இரு மடங்கு. முறுக்கு விசையைத் தாங்குவது பெரும்பாலும் வெளிப்பகுதி எஃகுதான் என்பதால் பல நிறுவனங்கள் இப்போது குழாய் வடிவக் கம்பிகளைப் பயன்படுத்துகின்றன. வெளிவிட்டம் 24, உள்விட்டம் 16 என்றால் எடையில் 44 சதவீதம் குறைகிறது, விறைப்பில் இழப்பது 20 சதவீதம் மட்டுமே. கடையில் தடித்த கம்பி வாங்கி மாட்டும் இளைஞர்கள் இந்த நான்காம் அடுக்கை மனத்தில் வைக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் மிகத் தடித்ததாக மாட்டி, மழைநாளில் ஈரச் சாலையில் வளைவெடுப்பது கோர்வேரின் பிழையைச் சொந்தக் காசில் திரும்பச் செய்வதாகும். கம்பி தடித்தால் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட், லிங்க் ராடு எல்லாவற்றுக்கும் பளு கூடும். அவை பழைய அளவிலேயே இருந்தால் அங்கேதான் முதலில் விரிசல் விழும்.

விறைப்புக்கு வேறொரு விலையும் உண்டு. இரு சக்கரங்களையும் பிணைத்துவிட்டதால் இடது சக்கரம் குழியில் இறங்கும் அதிர்ச்சி வலது பக்கத்துக்கும் போகிறது. ஓரம் உடைந்த கிராமத்துச் சாலையில், ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக இருக்கும் இடங்களில், பயணிகளின் தலை இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடுவதற்கு இதுவே காரணம். நம் சாலைகளுக்கு மெல்லிய கம்பியும் நல்ல ஷாக் அப்சார்பரும்தான் பொருத்தம் என்பேன்.

சாய்வு என்றாலே ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். பிரான்ஸின் சிட்ரோயன் 2சிவி வளைவில் படகுபோல் சாயும். ஆனாலும் ஈர்ப்பு மையம் தாழ்வாக இருப்பதால் அதைக் கவிழ்ப்பது கடினம். கரடுமுரடான பாதைகளில் கம்பியே தடையாகிவிடும். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது மறுசக்கரம் தரையைத் தொட வேண்டும், கம்பி அதைத் தூக்கிப் பிடித்துவிடும். ஜீப் ரேங்லர் ரூபிகான் மாடலில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன் கம்பி இரு பாதிகளாகப் பிரிந்துகொள்ளும், மணிக்கு 30 கிலோமீட்டரை நெருங்கினால் தானாகவே மீண்டும் இணைந்துகொள்ளும்.

நேர்ச்சாலையில் மென்மை, வளைவில் விறைப்பு என்று இரண்டையும் ஒருசேரப் பெற முயன்றவர்கள் பலர். சிட்ரோயன் 1994-இல் ஸான்டியா ஆக்டிவாவில் கம்பியோடு ஹைட்ராலிக் உருளைகளைச் சேர்த்து, சாய்வே ஏறத்தாழ இல்லாமல் செய்தது. அந்தக் காரின் ஒரு வகை 1999-இல், சாலையில் திடீரென விலங்கு குறுக்கிட்டதாகக் கொண்டு விலகி ஓட்டும் சுவீடன் இதழ்ச் சோதனையில் மணிக்கு 85 கிலோமீட்டரில் தேறியது. அந்தச் சாதனை இருபது ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்தது. பிஎம்டபிள்யூ 2001-இல் தன் 7 சீரிஸில் ஹைட்ராலிக் முறையைக் கொண்டுவந்தது. ஆடி எஸ்க்யூ7-இல் 48 வோல்ட் மோட்டார் ஒன்று கம்பியின் நடுவில் உட்கார்ந்து இரு பாதிகளையும் வேண்டியபோது முறுக்குகிறது. மெக்லாரன் 2011-இல் எம்பி4-12சி காரில் கம்பியையே எடுத்துவிட்டு ஷாக் அப்சார்பர்களை ஹைட்ராலிக் குழாய்களால் இணைத்தது. எல்லாமே விலையுயர்ந்த ஏற்பாடுகள். நம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு எஃகுக் கம்பிதான் கதி, அது குறையும் இல்லை.

நம் ஊர்ச் சிறிய கார்களின் பின்பக்கத்தில் குனிந்து பார்த்தால் தனியாக ஸ்டெபிலைசர் தெரியாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது ட்விஸ்ட் பீம் அச்சு. இரு பக்கக் கைகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டமே முறுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 1974-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் சிராக்கோவும் பரவலாக்கிய முறை இது.

இதற்கு நேர்மாறாக, ஒரு கம்பிக்கே இரண்டு வேலை கொடுத்த கார்களும் உண்டு. ஃபோர்டின் ஏர்ல் மெக்ஃபெர்சன் வடிவமைத்த ஸ்ட்ரட் 1950-இல் லண்டனில் காட்சிக்கு வந்த கான்சல், ஸெஃபிர் கார்களில் இருந்தது. அவற்றில் ஸ்டெபிலைசர் முனையே சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கையாகவும் இருந்தது. மாருதி 800-இன் முன்பக்கமும் அதே வகைதான். கம்பியின் முனை லோயர் ஆர்மின் துளைக்குள் நுழைந்து, இரு பக்கமும் புஷ் வைத்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அந்தப் புஷ் தேய்ந்தால் சத்தத்தோடு முடியாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரமே பின்னால் நகரும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒழுங்கின்றித் தேயும். வீல் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது. பழைய மாருதி வைத்திருப்பவர்கள் அலைன்மென்டுக்குக் காசு கொடுக்கும் முன் இந்தப் புஷ்ஷைப் பார்க்கச் சொல்வது நல்லது.

கோளாறுகளில் மிகுதியாக வருவது லிங்க் ராடு. அதன் இரு முனைகளிலும் சிறு பந்து மூட்டுகள் இருக்கின்றன, அவற்றை ரப்பர் உறை மூடியிருக்கும். உறை கிழிந்தால் நீரும் மணலும் புகுந்து மூட்டு தளரும். மணிக்கு 20, 30 கிலோமீட்டரில் சிறு சிறு மேடுபள்ளங்களில் 'டொக் டொக்' என்று அடிக்கும். நல்ல நெடுஞ்சாலையில் ஏறியதும் அடங்கிவிடும். வேகத்தடையை இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகக் கடந்தால் சத்தம் வராமலிருக்கலாம். குறுக்காக ஏறினால் உடனே வரும். கம்பி எப்போது முறுக்கிக்கொள்கிறது என்று முன்பு பார்த்ததை இங்கே பொருத்திக்கொள்ளலாம்.

சோதிக்கும் முறையில்தான் பல பட்டறைகள் தவறுகின்றன. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, லிங்க் ராடைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு 'நல்லா டைட்டா இருக்கு சார்' என்று விடுவார்கள். ஒரு சக்கரம் தொங்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இழுப்பில் மூட்டின் தளர்வு மறைந்துபோகும். நான்கு சக்கரமும் தரையில் அழுந்தி நிற்கும்படி பள்ளத்தின் மேலோ, சக்கரங்கள் மேலேறி நிற்கும் ராம்ப்பிலோ வண்டியை நிறுத்த வேண்டும். ஒருவர் வெளியே நின்று வண்டியை இடவலமாக ஆட்ட, மற்றவர் கீழிருந்து மூட்டின்மேல் விரல் நுனியை வைத்துப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத தளர்வும் விரலில் 'டிக்' என்று தட்டும். அப்படியும் ஐயமிருந்தால் லிங்க் இரண்டையும் ஒரு முனையில் கழற்றி, டயரிலோ ஆக்சில் ரப்பரிலோ உரசாதபடி கட்டிவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் போய்விட்டால் குற்றவாளி அங்கேதான். அப்படியே நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகக் கூடாது.

ஒரு பக்க லிங்க் உடைந்தால் அந்தப் பக்கம் மட்டும்தான் பாதிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கம்பியை முறுக்க இரு முனையும் பிடிபட்டிருக்க வேண்டும். ஒரு முனை விடுபட்டாலே கம்பி முழுவதும் வேலையற்றுப்போகும், வண்டி இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே அளவு கூடுதலாகச் சாயும். உடைந்த துண்டு டயரையோ பிரேக் குழாயையோ அறுக்கக்கூடும் என்பதே உடனடி ஆபத்து. மாற்றும்போது இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒன்று தேய்ந்தால் அதே தூரம் ஓடிய மற்றொன்றும் பின்தொடரும். நட்டை இறுக்கும்போது மூட்டின் தண்டு கூடவே சுற்றாதபடி ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் சுற்றிவிட்டால் புது உறை அன்றைக்கே கிழியும்.

டி புஷ்ஷின் நோய் வேறு வகை. அது 'கீச் கீச்' என்று முனகும், காலையில் வண்டி எடுத்ததும் கூடுதலாகக் கேட்கும். புஷ்மேல் தண்ணீர் தெளித்துச் சத்தம் சில நிமிடம் நின்றால் காரணம் உறுதி. நம் ஊரில் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசல் கலந்த ஆயிலை அடிக்கும் பழக்கம் இருக்கிறது. வண்டி பளபளப்பாகத் தெரியும், ஆனால் ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்து உப்பி மெத்தென்று ஆகிவிடும். சத்தத்துக்காக கிரீஸ் தடவுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். சிலிகான் கிரீஸ் மட்டுமே பொருந்தும். சில புதிய கார்களில் புஷ் கம்பியோடு ஒட்டியே வருகிறது. சத்தமும் தேய்மானமும் குறைவுதான், ஆனால் கெட்டால் கம்பியோடு சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய் ரப்பருக்காக முழுக் கம்பியின் விலையைக் கொடுக்க வைக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

கம்பியே முறிவது அரிது. முறிந்தால் பெரும்பாலும் வளைவிலோ புஷ் பிடிக்கும் இடத்திலோ முறியும். கல் பட்டு மேற்பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு குழி தோண்டும், ஒவ்வொரு முறுக்கலிலும் அந்தக் குழியிலிருந்து விரிசல் வளரும். கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். முறிந்த கம்பியை வெல்டிங் செய்து மாட்டச் சொல்பவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். ஸ்பிரிங் எஃகின் பதம் அந்தச் சூட்டில் கெட்டுவிடும், அடுத்த முறிவு வெல்டிங்கின் ஓரத்திலேயே நிகழும். ஸ்பிரிங்குக்கு அடியில் ஸ்பேசர் வைத்து வண்டியை உயர்த்துபவர்களும் கவனிக்க வேண்டும். உயரம் மாறினால் லிங்க்கின் கோணம் மாறி மூட்டுகள் சீக்கிரம் தேயும், சில வண்டிகளில் கம்பி ஆக்சிலில் போய் முட்டும்.

அடியிலிருந்து வரும் எல்லா 'டொக்'கும் ஸ்டெபிலைசர் சத்தமில்லை. ஸ்ட்ரட் மவுண்ட், ரேக் எண்ட், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் ஆகியவையும் ஏறத்தாழ அப்படியே சத்தமிடும். லிங்க் ராடு மலிவு, அரை மணி நேர வேலை. அதனால் முதலில் அதை மாற்றிப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. சத்தம் நிற்காவிட்டால் வாடிக்கையாளர் பழகிக்கொண்டு ஓட்டத் தொடங்குகிறார். லிங்க் ராடு கழன்றால் வண்டி கூடுதலாகச் சாயும், பெரும்பாலும் அதோடு போகும். லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடிந்து விழும். பட்டறைக்குள் வண்டி நுழைந்ததும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கடப்பாரையால் நெம்பி லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியைச் சக்கரங்களில் இறக்கி நிறுத்தி லிங்க் ராடுக்கு வரட்டும்.